பழைய சொகுசு செடான் வாங்குகிறீர்களா? மைலேஜுக்கு முன்னால் கிலோமீட்டர் செலவைக் கணக்கிடுங்கள்

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மூன்று ஆண்டுகள் ஓடிய ஒரு ஜெர்மன் டீசல் செடானைச் சென்னையில் வாங்கினேன். மெர்சிடிஸ் இ-கிளாஸ், பிஎம்டபிள்யூ 5 சீரிஸ், ஆடி ஏ6 ஆகியவை இருக்கும் அதே வகுப்பைச் சேர்ந்த, 2 லிட்டர் எஞ்சின் கொண்ட வண்டி. வாங்கும் முன் நான் அக்கறையாக விசாரித்தது மைலேஜ் ஒன்றைத்தான். ஓராண்டு கழித்து எல்லா பில்களையும் மேசைமேல் பரப்பிக் கூட்டிப் பார்த்தபோது, டீசலுக்குக் கொடுத்த பணம் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை என்பது தெரிந்தது. மீதிப் பணம் எந்தெந்த வழியில் போகிறது, அவற்றில் எதை முன்கூட்டியே தடுத்திருக்கலாம் என்று கற்றுக்கொள்ள மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. இந்த வகுப்பில் முதன்முதலாகப் பழைய கார் வாங்க நினைப்பவர்களுக்காக, நான் கற்ற வரிசையில் இல்லாமல், செய்ய வேண்டிய வரிசையில் எழுதுகிறேன். எரிபொருள் விலைக்கு 2025-இல் சென்னையில் இருந்த நிலவரத்தை, அதாவது டீசல் லிட்டருக்கு 92 ரூபாய் 40 காசு, பெட்ரோல் 100 ரூபாய் 80 காசு என்ற அளவை வைத்துக்கொண்டிருக்கிறேன். மற்றத் தொகைகள் என் கணக்குப் புத்தகத்தில் உள்ளவை. உங்கள் வண்டிக்குக் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

1. உங்கள் ஓட்டத்தை இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள்

இப்போது வைத்திருக்கும் வண்டியிலேயே இதைச் செய்யலாம். ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்று இரண்டே எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகிறது என்ற மொத்தக் கணக்கு போதாது. அந்த ஆயிரம், ஐந்து ஐந்து கிலோமீட்டராக நகர நெரிசலில் ஓடியதா, மாதம் இருமுறை திருச்சிக்குப் போய் வந்ததில் ஓடியதா என்பதில்தான் எந்த எஞ்சின் உங்களுக்குப் பொருந்தும் என்ற விடை இருக்கிறது. எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதற்குள் முடிந்துவிடும் பயணங்கள் உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் இருந்தால், அடுத்த படியைக் கவனமாகப் படியுங்கள்.

2. பெட்ரோலா, டீசலா என்பதை அந்தக் குறிப்பை வைத்து முடிவு செய்யுங்கள்

நகரத்துக்குள் என் டீசல் கார் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் தருகிறது. கிலோமீட்டருக்கு 8 ரூபாய் 40 காசு. இதே வகுப்பில் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் வைத்திருக்கும் நண்பருக்கு நகரத்தில் 8.5 கிடைக்கிறது, கிலோமீட்டருக்கு 11 ரூபாய் 86 காசு. வித்தியாசம் ஏறத்தாழ மூன்றரை ரூபாய். ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடுபவருக்கு இது 69,000 ரூபாய் மிச்சம் என்பதால் டீசல் தெளிவான தேர்வு. ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் மட்டும் ஓடுபவருக்கு மிச்சம் 21,000 ரூபாய்க்குள் நின்றுவிடும். அந்தத் தொகைக்காக டீசலின் புகை வடிகட்டியை வீட்டுக்கு அழைத்து வருவது சரியில்லை.

வடிகட்டி என்று நான் சொல்வது டி.பி.எஃப். என்ற பாகத்தை. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் டீசல் கார்களில் இது இல்லாமல் முடியாது. புகையில் உள்ள கரித்துகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவ்வப்போது எஞ்சின் கூடுதல் டீசலைச் செலுத்தி, சுமார் 600 டிகிரி வெப்பத்தில் அதை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். இதற்கு வண்டி ஓரளவு வேகத்தில் இருபது நிமிடமாவது நிற்காமல் ஓட வேண்டும். என் அலுவலகம் வீட்டிலிருந்து 5 கிலோமீட்டர். எட்டாவது மாதம், திருவான்மியூர் சிக்னலில் நின்றிருந்தபோது, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. சர்வீஸ் சென்டரில் வடிகட்டியையே மாற்ற வேண்டும் என்று சொல்லி 2 லட்சத்துக்கு மேல் மதிப்பீடு கொடுத்தார்கள். வெளியே ஒரு மெக்கானிக்கிடம் காட்டியபோது, அவர் ஆயில் குச்சியை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டு எடுத்துக் காட்டினார்: ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருந்தது, மணத்தில் டீசல் வாடை இருந்தது. பாதியில் நின்றுபோன சுத்திகரிப்புகளின் டீசல் ஆயிலில் கலந்துகொண்டே வந்திருக்கிறது. கணினி மூலம் கட்டாயச் சுத்திகரிப்பு செய்து, ஆயிலை மாற்றி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை ஓட்டி வந்ததும் விளக்கு அணைந்தது. செலவு 24,000 ரூபாயோடு முடிந்தது. அதன்பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை அரைமணி நேரம் அந்தச் சாலையில் ஓட்டிவிட்டு வருகிறேன். விளக்கு திரும்ப எரியவில்லை.

இதோடு, புகையில் உள்ள நச்சு வாயுவைக் குறைக்க ஆட்புளூ என்ற யூரியாக் கரைசலும் உண்டு. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் செலவாகிறது, பணம் பெரிதில்லை. ஆனால் அது முழுவதும் தீர்ந்தால், அணைத்த எஞ்சின் மறுபடி கிளம்பாது. அதன் மூடி நீல நிறத்தில் இருக்கும். தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியையே திருப்பாமல் வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். எஞ்சினை ஒருமுறை இயக்கிவிட்டாலே எரிபொருள் பாதை முழுவதும் கெட்டுவிடும்.

முழுக்க நகர ஓட்டம் என்றால் ஹைப்ரிட் வண்டியையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். டொயோட்டா கேம்ரியின் 2024 மாடலுக்குச் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் 25.49. நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது என்றாலும், நெரிசலில் மைலேஜ் சரியாத வகை இது ஒன்றுதான்.

3. மைலேஜை நீங்களே அளந்துகொள்ளுங்கள்

ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆய்வு அமைப்பு தரும் மைலேஜ் சான்று எண், வண்டியை உருளைகள்மேல் நிறுத்தி, ஏ.சி.யை இயக்காமல், 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டி எடுக்கப்படுவது. இரண்டு கார்களை ஒப்பிட அது உதவும். உங்கள் மாதச் செலவைச் சொல்லாது. டேஷ்போர்டு காட்டும் எண்ணும் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். என் வண்டியில் அது 13.3 என்று காட்டிய மாதங்களில் உண்மையில் கிடைத்தது 12.5.

சரியான அளவுக்கு ஒரே வழி, ஃபுல் டேங்கிலிருந்து ஃபுல் டேங்க் வரை கணக்கிடுவது. ஒரே பங்க்கில், முடிந்தால் ஒரே பம்ப்பில், முதல் ஆட்டோ கட் ஆனவுடன் நிறுத்திக்கொள்ளுங்கள். ஊழியர் தொகையை முழுமையாக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதை அனுமதிக்க வேண்டாம். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, அடுத்த முறை அதேபோல நிரப்பும்போது ஓடிய தூரத்தை நிரம்பிய லிட்டரால் வகுத்தால் போதும். ஒரு டேங்க் கணக்கை நம்பாமல் மூன்று டேங்குகளின் சராசரியை எடுங்கள்.

பழைய காரை வாங்கும் முன் இப்படி அளக்க வாய்ப்பில்லை. அதற்குப் பதிலாக, டிரிப் கம்ப்யூட்டரில் நீண்டகாலச் சராசரிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மைலேஜுக்குக் கீழே சராசரி வேகம் என்று ஒரு வரி இருக்கும். நான் பார்க்கத் தவறியது அதைத்தான். மணிக்கு 19 கிலோமீட்டர் என்று அது காட்டினால், அந்த வண்டி வாழ்நாள் முழுவதும் நெரிசலில் ஊர்ந்திருக்கிறது என்று பொருள். 30,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று விற்பவர் பெருமையாகச் சொன்னாலும், எஞ்சின் உழைத்த மணிநேரம் 1,500-க்கு மேல் ஆகிறது. நெடுஞ்சாலையில் சராசரி 60 கிலோமீட்டர் வேகத்தில் 90,000 கிலோமீட்டர் ஓடிய எஞ்சினின் உழைப்பும் அதே 1,500 மணிநேரம்தான்.

4. முன்பணம் கொடுக்கும் முன் ஆவணங்களைப் பாருங்கள்

முதலில் ஆர்.சி.யில் உள்ள 17 இலக்கச் சட்டக (சேஸிஸ்) எண்ணை வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். அந்த எண்ணைக் கொண்டு, நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் பதிவான முழு வரலாற்றையும் உரிமையாளரைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மீட்டரைத் திருத்தியிருந்தால் இந்தக் காகிதத்தில்தான் பிடிபடும். ஒவ்வொரு வருகையின் தேதியும் கிலோமீட்டரும் வரிசையாக ஏறிக்கொண்டே வர வேண்டும். பரிவாகன் என்ற அரசின் வாகனப் பதிவுத் தளத்தில் நிலுவையில் உள்ள அபராதங்களையும், கடன் பதிவு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கடன் பதிவு இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இவற்றில் வெற்றுக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

வெளிமாநில வண்டி மலிவாகத் தெரியும். புதுச்சேரிப் பதிவு எண்ணோடு சென்னையில் சுற்றும் சொகுசு கார்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். வேறு மாநிலத்தில் பதிவான காரைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்து ஆயுள் வரி கட்ட வேண்டும். அதற்குப் படிவம் 28 என்ற தடையின்மைச் சான்று வேண்டும். 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதிய காருக்கு ஆயுள் வரி 20 விழுக்காடு. பழைய காருக்கு வயதுக்கேற்ப விகிதம் குறையும் என்றாலும், இந்த வகுப்பில் அது லட்சங்களில்தான் நிற்கும். உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை விலையோடு கூட்டிய பிறகே மலிவா என்று முடிவு செய்யுங்கள்.

விற்பனை நிறுவனத்திடம் வாங்கினால் இரண்டு வரிகளைக் கவனியுங்கள். பழைய காருக்கான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. நிறுவனத்தின் லாபத் தொகைக்கு மட்டுமே உரியது. முழு விலைக்கும் கேட்டால் மறுத்துப் பேசுங்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குப் பிடிக்கும் 1 விழுக்காடு டி.சி.எஸ்., அதாவது விற்பவர் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி, உங்கள் பான் எண்ணில் ஏறும். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம்.

5. வண்டியைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்

நீங்கள் வரும் முன் சூடாக்கி வைக்கக் கூடாது என்று முன்னரே சொல்லிவிடுங்கள். டயர் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்; 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. ஐந்து, ஆறு ஆண்டு ஆகிவிட்ட டயர்கள் என்றால், பட்டை எவ்வளவு மீதமிருந்தாலும், நான்கு டயர் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பல கார்களில் ரன்-ஃபிளாட் டயர்கள் இருக்கும். காற்றில்லாமல் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் போகலாம் என்றாலும் விலை அதிகம். முந்தைய உரிமையாளர் சாதாரண டயருக்கு மாற்றியிருந்தால், ஸ்டெப்னி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள்.

சென்னை வண்டி என்றால் வெள்ளத்தில் மூழ்கியதா என்பதை விடாமல் சோதிக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதி மக்கள் கார்களை மேம்பாலத்தில் நிறுத்திக் காப்பாற்றினார்கள். எல்லா வண்டிக்கும் இடம் கிடைக்கவில்லை. நான்கு சீட் பெல்ட்டையும் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி அரை அடியில் சேற்று நிறக் கோடு இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். சீட் தண்டவாளத்தின் அடியில் துரு, ஸ்டெப்னிக் குழியில் மண் படிவு ஆகியவையும் அதே கதையைச் சொல்லும்.

கடைசியாக, அந்த நிறுவனத்தின் கார்களில் பழகிய மெக்கானிக் ஒருவரை வைத்துக் கணினிச் சோதனை செய்யுங்கள். நான் 4,000 ரூபாயை மிச்சம் பிடிப்பதாக நினைத்து இதைத் தவிர்த்தேன். வடிகட்டியில் சேர்ந்திருக்கும் கரியின் அளவைக்கூட இந்தச் சோதனை காட்டும் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன்.

6. காப்பீட்டை உங்கள் பெயரில் 14 நாட்களுக்குள் மாற்றுங்கள்

கைமாறிய நாளிலிருந்து 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பெயர் மாற்றாவிட்டால், உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கிடைப்பது கடினம். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, உங்களுக்கு வராது. அது வண்டியைச் சேராமல் ஆளைச் சேர்ந்தது. அதே காரணத்தால், உங்கள் பழைய காரை விற்கும்போது உங்கள் போனஸுக்குச் சான்று வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று ஆண்டுக்குள் புதிய வண்டிக்குப் பயன்படுத்தலாம். 50 விழுக்காடு போனஸ் இருப்பவருக்கு இந்த வகுப்பில் அது பெரிய தொகை.

1500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கான மூன்றாம் நபர் காப்பீடு 2025-இல் ஆண்டுக்கு 7,897 ரூபாயும் அதன்மேல் வரியுமாக இருந்தது. மீதியெல்லாம் சொந்தச் சேதமும் கூடுதல் பாதுகாப்புகளும். இங்கே பணத்தைக் குறைக்க நினைத்து, பாகங்களின் விலையில் தேய்மானத்தைக் கழிக்காமல் தரும் ஜீரோ டிப்ரிசியேஷனை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதித் தொகைதான் கிடைக்கும். இந்தக் கார்களின் பம்பரும் அதற்குள் இருக்கும் உணரிகளும் என்ன விலை என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். பல நிறுவனங்கள் ஐந்து ஆண்டோடு இந்தப் பாதுகாப்பை நிறுத்திவிடும் என்பதால் வண்டியின் வயதைப் பார்த்தே தேர்வு செய்யுங்கள். எஞ்சின் பாதுகாப்பும் அவசியம்.

7. கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்

ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டருக்கு என் கணக்கு இது. அதில் நகரம் 7,400, நெடுஞ்சாலை 4,600. நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 16 கிடைப்பதால், மொத்தம் 960 லிட்டர், 88,700 ரூபாய். காப்பீடு 58,000. சர்வீஸ் ஒரு ஆண்டு குறைவாகவும் மறு ஆண்டு அதிகமாகவும் வருவதால் சராசரி 45,000. ஒரு டயர் 19,000 ரூபாய்; 40,000 கிலோமீட்டருக்கு ஒரு செட் என்று ஆண்டுக்கு 22,800. பிரேக் பேட், டிஸ்க் 15,000. பேட்டரிக்கான சேமிப்பு, ஆட்புளூ, ஃபாஸ்டேக், புகைச் சான்று எல்லாம் சேர்த்து 10,000. எதிர்பாராத பழுதுக்கென்று ஒதுக்கி வைப்பது 60,000. கூட்டினால் 2,99,500 ரூபாய். கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அதில் டீசலின் பங்கு 7 ரூபாய் 40 காசு. வண்டியின் மதிப்பு ஆண்டுக்கு 2 லட்சம் குறைவதையும் சேர்த்தால், இன்னும் 16 ரூபாய் 67 காசு கூடும். கடன் வட்டியை இதில் சேர்க்கவில்லை.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு மைலேஜைப் பற்றிய என் கவலையின் அளவு மாறியது. மிகக் கவனமாக ஓட்டி 12.5-ஐ 14 ஆக்கினால், ஆண்டுக்கு 103 லிட்டர், அதாவது 9,500 ரூபாய் மிஞ்சும். பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ பணி நடக்கும் இடத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி என் முன் டயரின் பக்கச்சுவர் எலுமிச்சை அளவுக்குப் புடைத்த அன்று, இரண்டு ஆண்டு மிச்சம் ஒரு நொடியில் போனது.

8. சர்வீஸ் பில்லைக் கையெழுத்துக்கு முன்னால் கட்டுப்படுத்துங்கள்

என் முதல் சர்வீஸுக்கு 38,000 ரூபாய் என்றார்கள். பில் 71,000 வந்தது. ஆலோசகர் டேப்லெட்டை நீட்டி விரலால் கையெழுத்திடச் சொன்னபோது, திரையை மேலே தள்ளிப் பார்க்காமல் கையெழுத்திட்டுவிட்டேன். இன்ஜெக்டர் கிளீனிங், ஏ.சி. கிருமி நீக்கம், அடிப்பாகப் பூச்சு உட்பட, உரிமையாளர் கையேட்டின் சர்வீஸ் அட்டவணையில் இல்லாத நான்கு வேலைகள் அந்த ஜாப் கார்டில் இருந்தன. இப்போது கையேட்டின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போகிறேன். அதில் உள்ள வேலைகளுக்கு மட்டும் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதற்கு மேல் எதைச் செய்வதானாலும் தொலைபேசியில் ஒப்புதல் கேட்க வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்கிறேன். மாற்றிய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள்.

வெளியே சர்வீஸ் செய்வதானால் ஆயிலில் சமரசம் வேண்டாம். வடிகட்டி உள்ள டீசலுக்குச் சாம்பல் குறைந்த வகை ஆயில் வேண்டும். கையேட்டில் மெர்சிடிஸுக்கு 229.52, பிஎம்டபிள்யூவுக்கு லாங்லைஃப்-04 என்பதுபோல ஒரு தர எண் இருக்கும். டின்னில் அந்த எண் அச்சாகியிருக்க வேண்டும். ஓட்டம் குறைவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் திரவம். கியர் ஆயில் வாழ்நாள் முழுவதும் போதும் என்று சொல்வார்கள். பல ஜெர்மன் கார்களில் உள்ள எட்டு கியர் பெட்டியைத் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. 80,000 தாண்டிய வண்டியை வாங்கினால் இதையும் விலைப் பேச்சில் சேருங்கள்.

9. எரிபொருளில் உண்மையாகவே மிஞ்சும் வழிகள்

டயர் காற்றழுத்தத்தைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். சரியான அளவு ஓட்டுநர் கதவோரத்திலோ டேங்க் மூடியின் உள்பக்கத்திலோ ஒட்டியிருக்கும். நெடுஞ்சாலையில் வேகத்தைக் குறைப்பதுபோலப் பயன் தருவது வேறில்லை. காற்று எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்பெருக்கத்தில் ஏறுவதால், 100-லிருந்து 120-க்குப் போனால் அது 44 விழுக்காடு கூடும். அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்கு, 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய் விலையில் அறிமுகமான ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் பெரிய உதவி; தேசிய நெடுஞ்சாலைகளில் 200 சுங்கச்சாவடிக் கடப்புகள் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். சென்னையிலிருந்து திருச்சிக்குப் பரனூர் முதல் சமயபுரம் வரை ஆறு சாவடிகள் என்பதால், போய் வரப் பன்னிரண்டு கடப்புகள் கழியும்.

பெட்ரோல் கார் வாங்குகிறவர்கள் 20 விழுக்காடு எத்தனால் கலந்த எரிபொருள் தங்கள் மாடலுக்கு ஏற்றதா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், மைலேஜ் சற்றுக் குறைவதை எஞ்சின் பழுது என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம். விலை கூடிய 100 ஆக்டேன் பெட்ரோல், கையேடு கேட்காத எஞ்சினுக்குத் தேவையில்லை.

10. அக்டோபருக்கு முன் செய்து முடிக்க வேண்டியவை

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் இறுதிக்குள், சன்ரூஃபின் நான்கு மூலை வடிகால் துளைகளில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அது சக்கரப் பக்கமாக வெளியேறுகிறதா என்று பாருங்கள். அடைப்பிருந்தால் தண்ணீர் தரைவிரிப்பின் அடியில் உள்ள மின்னணுப் பெட்டிகளில் தேங்கும். காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்பு நடப்பில் இருக்கிறதா என்று பாலிசியைத் திறந்து சரிபாருங்கள். வண்டி நின்ற இடத்தில் தண்ணீர் ஏறிவிட்டால், வடிந்த பிறகும் ஸ்டார்ட் பொத்தானைத் தொடாதீர்கள். உள்ளே போன தண்ணீரோடு எஞ்சினை இயக்கியதால் வந்த சேதம் என்று தெரிந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறியது என்பது தெரியும்படி படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்; இழுவைக்கான உதவி எண்ணை இன்றே தொலைபேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.